கையைக் கட்டச் சொன்னவள்

பிப்ரவரி 4, செவ்வாய்

மதியத்துக்குள் எட்டுக் குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கைச் சோதனையை முடித்துவிட்டேன். எதிர் அறைக்காரர் ஐந்து. கெட்டிக்காரர்தான். ஆனால் வருகிற குழந்தையிடமெல்லாம் வீட்டில் நாய் இருக்கிறதா, அது யார் பக்கத்தில் படுக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் வேலை எப்படி நகரும்? என்னிடம் அந்தக் கதையே கிடையாது. வா, உட்கார், கையைக் கட்டிக்கொள், கேட்டதற்குப் பதில் சொல். பத்துக் கேள்வி, பதினெட்டு நிமிடம். ஆறு சரியென்றால் ஜூனில் முதல் வகுப்பு. அதற்குக் கீழே என்றால் ஒரு வருடம் காத்திருப்பு.

கையைக் கட்டச் சொல்வது என் கண்டுபிடிப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டதில் மூன்று பேருடைய படிவங்கள் கூழாகிவிட்டன. மறுநாளிலிருந்து என் அறையில் எல்லோருக்கும் கைகட்டு. வேலை விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்த மேலாளர் மற்ற அறைகளுக்கும் அதையே விதியாக்கினார். கிளை அலுவலகங்களுக்கும் போயிருக்கிறது. பத்தொன்பது வருடமாக ஒரு சொட்டு சிந்தியதில்லை. சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பெருமைதான்.

பதினொரு மணிக்கு ஒரு பஸ் கண்டக்டரின் மகள் வந்தாள். அம்மா சீருடையிலேயே கூட்டிவந்திருந்தார். குழந்தையின் கழுத்தில் அம்மாவின் பழைய விசில் தொங்கியது. பெயர் படிவத்தில் இருக்கட்டும், எனக்கு அவள் விசில்தான். ஆறு பொத்தான் மேலே, ஆறு பொத்தான் கீழே, நேருக்கு நேர் வைத்தேன். இரண்டும் ஒன்று என்றாள். கீழ் வரிசையை அவள் கண்ணெதிரிலேயே அகலமாகப் பரப்பிவிட்டுக் கேட்டேன். "கீழதான் நிறைய" என்றாள். இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் காட்டி, ஒன்றை ஒல்லி டம்ளருக்கு மாற்றினேன். "ஒல்லியிலதான் நிறைய." வழக்கமான பதில்கள். தோற்றம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது, அளவு மாறாது என்பது பிடிபடுகிற வரைக்கும் எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் சொல்லும். ஒருநாள் பிடிபடும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

பத்துக்கு நான்கு. கைதான் கட்டியபடி நிற்கவே இல்லை, மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. பதினேழு நிமிடத்தில் அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

ஒன்பது! எதிர் அறையில் நாலரை. ஒன்று பாதியில் அழுதுகொண்டே போய்விட்டது.

பிப்ரவரி 12, புதன்

காத்திருப்புக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் நேராக என் அறைக்கே வந்துவிட்டார். வாசலில் நிறுத்திப் பார்த்தார்களாம். ஓடுகிற பஸ்ஸில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகிறவரை யார் நிறுத்துவது?

"என் பொண்ணு நாலு மார்க்கா மேடம்? வீட்டுல சாக்ஸையெல்லாம் ஜோடி ஜோடியா அவதான் அடுக்குறா. ஒண்ணு குறைஞ்சா வீட்டையே தலைகீழா புரட்டிடுவா."

"அது வேற, இது வேறம்மா. ஒரு வருஷம்தானே? பொறுத்துக்குங்க."

"ஒரு வருஷம்தானேன்னு நீங்க சொல்லிடுவீங்க. அடுத்த மாசம் அவளுக்கு ஆறு முடியுது. ஆறு முடிஞ்சா டிப்போ காப்பகத்துல வச்சுக்க மாட்டாங்க. ஸ்கூலும் வேணாம்னுட்டா நான் இவளை எங்க வைக்கிறது? டிக்கெட் பையிலயா?"

வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வேலையை விடுவதைத் தவிர வழியில்லை என்றார். மதிப்பெண் போட்டால் போட்டதுதான், ஆளுக்கு ஒரு விதி வைக்க முடியாது என்றேன். சொன்ன தோரணை எனக்கே கொஞ்சம் தூக்கலாகப் பட்டது. ஆனால் சொன்னது சரி. அவர் கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "இதை நீங்களே வச்சுக்குங்க" என்று போய்விட்டார். பையில் போட்டு எடுத்துவந்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது.

பிப்ரவரி 13, வியாழன்

ஜனவரியிலிருந்து எல்லா அறையிலும் கேமரா வைத்திருக்கிறார்கள். அவரவர் பதிவில் பத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று என் முறை. கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை. மேலாளரிடம் சொன்னேன். "சத்தம் எதுக்கு? எல்லாம் நீங்க எழுதினதுதானே. ஓட விட்டுட்டுக் கையெழுத்தைப் போடுங்க" என்றார்.

ஓடவிட்டேன். பத்துப் பதிவிலும் நான் இருக்கிறேன், அதாவது என் வகிடு இருக்கிறது. குழந்தை பேசும்போது ஒரு தடவையாவது நிமிர்ந்திருப்பேனா? இல்லை. காது கேட்கிறது, பேனா எழுதுகிறது. அதைத்தான் இத்தனை நாள் வேகம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஏழாவதாக விசில் வந்தாள். கேள்வி கேட்டுவிட்டு நான் குனிகிறேன். அவளுடைய வலது கை மெதுவாகக் கட்டிலிருந்து வெளியே வருகிறது. ஒரு விரல் மேல் பொத்தானுக்கு நேரே, கட்டைவிரல் கீழ்ப் பொத்தானுக்கு நேரே. அடுத்த ஜோடி. அதற்கடுத்தது. ஆறு ஜோடி, ஒன்று விடாமல், எதையும் தொடாமல். பிறகு வாய் அசைகிறது. படிவத்தில் நான் எழுதியிருப்பது: கீழே நிறைய.

தண்ணீரிலும் அப்படியே. கை முதலில் ஒல்லி டம்ளரின் உயரத்தைக் காட்டுகிறது. உடனே இரண்டு உள்ளங்கையும் விலகி மற்ற டம்ளரின் அகலத்தைக் காட்டுகின்றன. வாய் உயரத்தை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

குழந்தைகளின் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். பெரிதாக்க ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். என் கணவருக்கு முடிதிருத்தும் கடை. இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்ச், சுவர் முழுக்கக் கண்ணாடி. பதிவில் என் வகிடு மட்டும் தெரிந்ததைச் சொன்னதும் முதல் கேள்வி: "நேரா இருந்துச்சா?"

"கேலி பண்ணாதீங்க." கண்டக்டர் மகளின் கையைப் பற்றிச் சொன்னேன். வாய் ஒன்று சொல்ல, கை இன்னொன்று சொன்னதை.

"இதுல என்ன அதிசயம்? வர்றவன் 'நல்லா ஒட்ட வெட்டிடுங்க'ம்பான். கை பாத்தா பின்னந்தலையைப் பொத்திக்கிட்டிருக்கும். வாயை நம்பி வெட்டினேன்னு வை, கண்ணாடியில பாத்துட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். நான் கையைக் கேட்டுத்தான் வெட்டுறேன்."

"அது பெரியவங்க. மனசுல ரெண்டு எண்ணம் ஓடும்."

"குழந்தைக்கு ரெண்டு ஓடக்கூடாதுன்னு சட்டமா?"

"சரி விடுங்க, அது முடிஞ்சுபோன விஷயம். மார்க் போட்டாச்சு."

"முடிஞ்சுபோச்சுன்னு வாய்தான் சொல்லுது. உன் கையைப் பாரு."

குனிந்து பார்த்தேன். கண்டக்டரின் கடிதம். எப்போது பையிலிருந்து எடுத்தேன் என்று தெரியாது. பிரித்துப் பிரித்து மடித்ததில் மடிப்போரம் கிழிந்திருந்தது.

இந்த மனுஷனிடம் ஒன்றும் மறைக்க முடியாது.

பிப்ரவரி 20, வியாழன்

நான்கு நாட்களாக வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் பதிவு பார்க்கிறேன். ஜனவரியிலிருந்து என் கையால் காத்திருப்புக் கடிதம் வாங்கியவர்கள் நாற்பத்து நான்கு குழந்தைகள். நாற்பத்து நான்கையும் பார்த்தாயிற்று. சத்தம் வேண்டாம், படிவம் பக்கத்தில் இருந்தால் போதும்.

முப்பத்து மூன்று பேருக்கு வாயும் கையும் ஒரே தவறைச் சொல்கின்றன. கீழே நிறைய என்கிறது வாய், கையும் கீழ் வரிசையின் நீளத்தைத் தடவிக் காட்டுகிறது. பதினோரு பேருக்கு மட்டும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. வாய் தவறு, கை சரி. அதுவும் கட்டச் சொன்ன கை! என் அதட்டலையும் மீறி நழுவி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

நேற்றிலிருந்து என் அறையில் யாரையும் கையைக் கட்டச் சொல்லவில்லை. பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து குழந்தைகள்தான் முடிகின்றன. எதிர் அறைக்காரர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

எனக்கு இப்போது தோன்றுவது இதுதான். பிடிபடுவது ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. வீடு மாறுகிற மாதிரி. வாய் இன்னும் பழைய வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, கை புது வீட்டுக்குச் சாமான் ஏற்ற ஆரம்பித்துவிட்டது. பாதி அங்கே, பாதி இங்கே. கேட்கிறவருக்குக் குழந்தை குழம்புவது போலத் தெரியும். அது குழப்பமில்லை, புறப்பாடு. அந்தப் பதினோரு பேரையும் ஒரு வருடம் வீட்டில் உட்காரவைப்பது, வாசலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற வேலை.

நான் சொல்வது சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. போன மாதமும் இதே நிச்சயம்தான் இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மேலாளரிடம் போனேன். முழுக்கக் கேட்டார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். கேட்டுவிட்டுப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை சொல்றதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

"கட்டம் இல்லைன்னா போட்டுக்கலாம் சார். கோடு போடுறது என்ன பெரிய வேலையா?"

"மறுசோதனைன்னா ஒரு வருஷம் கழிச்சுத்தான். விதி."

"விதியை எழுதினவங்க கையைப் பாக்கலை சார். நானும் பாக்கலை."

அப்போது கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி. குரலைக்கூட உயர்த்தவில்லை. "அப்ப இத்தனை வருஷம் நீங்க அனுப்பி வச்சது?"

அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு ஒரு பந்தயம் சொன்னேன். அந்தப் பதினோரு பேர். மீதியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பதினோரு பேர். யார் எந்தப் பட்டியல் என்று எழுதி உறையில் ஒட்டி அவருடைய அலமாரியில் வைத்துவிடுகிறேன். ஐந்தாவது வாரத்தில் எதிர் அறைக்காரர் இருபத்திரண்டு பேரையும் சோதிக்கட்டும், அவருக்குப் பட்டியல் தெரியவே கூடாது. என் பதினோரு பேர் மற்றவர்களைவிட அதிகமாகச் சோதனையைத் தாண்டாவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். தாண்டினவர்களுக்கு, எந்தப் பட்டியலாக இருந்தாலும், பள்ளிச் சேர்க்கை முடிவதற்குள் கடிதத்தை மாற்றித் தர வேண்டும். சேர்க்கை மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது.

"நீங்க தோத்து நான் பாத்ததே இல்லை" என்றார். "பாக்கணும்னு ஆசையா இருக்கு. சரி, நடத்துங்க."

பிப்ரவரி 22, சனி

பத்தொன்பது வருஷம். வருஷத்துக்கு எத்தனை பேர்? வேணாம், கணக்குப் போடாதே. போட்டு என்ன பண்ணப்போற? அவங்களைக் கூப்பிட்டு பொத்தானை வச்சுக் காட்டுவியா? முதல் வருஷத்துப் பசங்க இப்ப தாடி வச்சிருப்பாங்க. கூட இருந்த பசங்க எல்லாம் பையை மாட்டிக்கிட்டுப் போறதை ஜன்னல்ல நின்னு பாத்திருப்பாங்க இல்ல? "அவனுக்கு இன்னும் புரியலையாம்"னு யாராவது காதுபடச் சொல்லியிருப்பாங்க. சொன்னது யாரு? நான்தான். கடிதத்துல கையெழுத்து என்னோடது.

ஒரு டம்ளர் தண்ணி கொட்டக்கூடாதுன்னு—

இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

பிப்ரவரி 24, திங்கள்

அழுது முடித்தாயிற்று. இருபத்திரண்டு வீட்டுக்கும் போன் செய்தேன். இருபத்தொரு வீட்டில் சரி என்றார்கள். கண்டக்டர் மட்டும், "மறுபடி ஒரு தடவை வேணாம்னு சொல்றதுக்கா?" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 10, திங்கள்

மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. மதிய இடைவேளையில் அவருடைய பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

"டிக்கெட் எடுங்க மேடம்" என்றார், முகத்தைப் பார்க்காமல். எடுத்தேன்.

டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் விசில். ஆறு வயது போன வாரம் முடிந்துவிட்டது. காப்பகம் கதவைச் சாத்திவிட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பஸ்ஸிலேயே இருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மடியில் கிடந்த இரண்டு கையும் தானாக மேலே வந்து கட்டிக்கொண்டன.

"கட்டிட்டேன் மிஸ்" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் எந்த மேலாளரும், எந்தப் பெற்றோரும் என்னை இப்படி அடித்ததில்லை. "இறக்கிக்கோம்மா. இனிமே கட்ட வேணாம்" என்றேன். நம்பவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் ஒரு கை இறங்கியது.

பொத்தான்கள் என் பையில்தான் இருந்தன. எடுத்து ஒரு தடவை விளையாட்டுப் போலக் காட்டியிருக்கலாம், சொல்லிக் கொடுத்திருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. கை பையின் ஜிப்வரை போனதை மறைக்க மாட்டேன். எடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்து வாங்கினால் அது அவளுடைய பதிலாக இருக்காது, என் பந்தயமும் பந்தயமாக இருக்காது.

கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியானதும் கண்டக்டர் எதிரே வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். வகிடு, பதிவு, கை, எல்லாம். தப்பு என்னுடையது என்பதையும்.

"அதாவது, என் பொண்ணு பதில் சொல்லியிருக்கா. நீங்க பாக்கலை."

"ஆமா."

"மன்னிப்புக் கேக்குறீங்களா?"

"கேக்குறேன்."

"அதிகாரி ஒருத்தர் மன்னிப்புக் கேட்டு நான் பாத்ததில்லை. இருங்க, டிரைவரையும் கூப்பிடுறேன்." உண்மையிலேயே கூப்பிட்டுவிட்டார். டிரைவர் வந்து சாட்சியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு கண்டக்டர், "எப்ப கூட்டிட்டு வரணும்?" என்றார்.

மார்ச் 26, புதன்

மூன்று நாளாக எதிர் அறையில் மறுசோதனை. எனக்கு உள்ளே இடமில்லை. பதிவு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். சத்தத்தை இன்னும் யாரும் சரி செய்யவில்லை.

விசில் இன்று பத்து மணிக்கு. எதிர் அறைக்காரர் வழக்கம்போல நாய் விசாரணை நடத்துகிறார். நடத்தட்டும். மறுசோதனைக்குக் கைகட்டு கிடையாது என்று முன்பே பேசியாயிற்று. பொத்தான்களை வைத்தார், பரப்பினார், கேட்டார். நான் திரையோடு ஒட்டிக்கொண்டேன். அவளுடைய கை மடியில் கிடந்தது. அசையவில்லை. விரல்கூட அசையவில்லை. வாய் மட்டும் நிறையப் பேசியது.

போச்சு, என்று நினைத்தேன். நான்தான் கெடுத்துவிட்டேன். பஸ்ஸில் என்னைப் பார்த்ததும் கட்டிய கை அப்படியே கட்டுப்பட்டுவிட்டது. அவ்வளவு சொல்லியும் அந்தக் கை என்னை நம்பவில்லை.

இருபத்தைந்து நிமிடம் கழித்து எதிர் அறைக்காரர் டீ எடுக்க வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மதிப்பெண் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு" என்றார். "ஆனா அந்த கண்டக்டர் பொண்ணு சொன்னதைச் சொல்லாம என்னால இருக்க முடியாது. அதுக்கு வேணா என் வேலை போகட்டும்."

பொத்தானைப் பரப்பிவிட்டு எதில் நிறைய என்று கேட்டாராம். ரெண்டும் ஒன்றுதான் என்றாளாம். எப்படி என்று கேட்டாராம்.

"பஸ்ஸு கூட்டமா இருக்கும்போது எல்லாரும் முன்னாடியே நிப்பாங்க அங்கிள். அம்மா 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு கத்தினா பரவி நிப்பாங்க. பாக்க நிறையப் பேர் மாதிரி இருக்கும். ஆனா யாரும் ஏறலை, யாரும் இறங்கலை. அப்புறம் எப்படிக் கூடும்?"

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் இன்னொன்றும் சொன்னார். "போன தடவை கீழதான் நிறையன்னு சொன்னியாமே" என்று சும்மா கேட்டுப் பார்த்தாராம். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். "நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். அது வேற யாராவது சின்னப் பாப்பா சொல்லியிருக்கும்." பொய்யில்லை, சத்தியமாக அப்படித்தான் நம்புகிறாள். தாண்டி வந்த பிறகு, முன்னால் எங்கே இருந்தோம் என்பதே அவர்களுக்கு மறந்துவிடுகிறது.

கை ஏன் அசையவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் வாயே சொல்லிவிட்டது. கைக்கு வேலை மிச்சமில்லை.

மார்ச் 27, வியாழன்

உறையைப் பிரித்தோம். என் பதினோரு பேரில் எட்டுப் பேர் தாண்டிவிட்டார்கள். மற்ற பதினோரு பேரில் இரண்டு பேர்.

மேலாளர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "தோக்க மாட்டீங்க போல" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பத்துக் கடிதங்களும் என் கண்ணெதிரிலேயே மாறின. சேர்க்கை முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

நான் ஜெயித்தேன் என்று துள்ள முடியவில்லை. அந்த மூன்று பேருடைய கை என்னிடம் சொன்னது ஏன் இன்னும் வாய்க்கு வரவில்லை? அந்த இரண்டு பேர் எந்த வழியாக வந்தார்கள்? அவர்களுடைய பதிவை மறுபடி பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. விசிலையே எடுத்துக்கொண்டால், கை ஏற்கெனவே புறப்பட்டிருந்ததாலா, மூன்று வாரம் பஸ்ஸில் உட்கார்ந்ததாலா? இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். புறப்படாதவள் அந்தப் பஸ்ஸில் வருடம் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் கூட்டத்தை மட்டும்தான் பார்த்திருப்பாள். இது என் கருத்து. நிரூபிக்கச் சொன்னால் நிரூபிக்கத் தெரியாது, ஆனால் விட்டுத்தர மாட்டேன்.

காத்திருக்க வேண்டிய பன்னிரண்டு வீட்டுக்கும் நானே போன் செய்து பேசினேன். ஒரு அம்மா அழுதார். ஒரு அப்பா, "பரவாயில்லை, நல்லா விளையாடட்டும்" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் புதுக் கடிதத்தை நேரில் கொடுத்தேன். படித்தார். மடித்து டிக்கெட் பையில் வைத்தார். "இன்னிக்கு உங்களுக்கு டிக்கெட் நான் எடுத்துக்குறேன்" என்றார்.

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. காலையில் பஸ்ஸில் முதல் இருக்கை காலியாக இருந்தது. ஒருவரும் உட்காரவில்லை, கண்டக்டர் உட்காரவிடவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும் சார், நாளைலேர்ந்து உக்காருங்க" என்று எல்லோரையும் பின்னால் அனுப்பிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லையாம். யார் நம்புவது?

புதுப் படிவம் அச்சாகி வந்திருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'கை' என்று ஒரு கட்டம். கோடு கோணலாக விழுந்திருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கிளை அலுவலகங்களிலிருந்து பன்னிரண்டு பேர் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். மேலாளர் தொடங்கிவைத்தார். "கையைப் பாருங்க, கையைப் பாருங்கன்னு நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். எதிர் அறைக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. மேலாளர் முகத்தைப் பார்த்தேன். கூசாமல் சொல்கிறாரோ என்றால், இல்லை. மனதார நம்புகிறார். அவரும் தாண்டிவிட்டார், பாவம்.

பிறகு நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். முடிவில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். என் வயதுதான் இருக்கும். "மேடம், எங்க கிளையில இன்னும் குழந்தைங்களைக் கையைக் கட்டச் சொல்றோம். இங்கேர்ந்து வந்த விதின்னு சொன்னாங்க. அதை யார் கொண்டுவந்தது?"

"அது ஏதோ ரொம்பப் பழைய வழக்கம்" என்றேன்.

சரளமாக வந்தது. மறைக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அந்த நொடியில் எனக்கே அப்படித்தான் நினைவு இருந்தது, யாரோ, எப்போதோ, என்னை மாதிரி இல்லாத ஒருத்தி. அடுத்த கேள்விக்காகப் பேனாவை எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன்.

"இல்லை. நான் சொன்னது தப்பு. அதைக் கொண்டுவந்தது நான்தான். பத்தொன்பது வருஷம் இதே அறையில நான்தான் கையைக் கட்டச் சொன்னேன். அதுல பதில் தெரிஞ்ச எத்தனை குழந்தைங்களை வீட்டுக்கு அனுப்பினேன்னு எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்லை."

மேலாளர் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"தெரியாமத்தானே செஞ்சீங்க மேடம்" என்றார் கேள்வி கேட்டவர், மெதுவாக.

"தெரியாமத்தான். ஆனா செஞ்சது நான். நீங்க ஊருக்குப் போனதும் முதல் வேலையா அதை எடுத்துடுங்க."

அவர் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வியை எதிர் அறைக்காரர் எடுத்துக்கொண்டார்.